நடைவண்டி ஏன் நினைவில் இல்லை?

மூன்று மரச் சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. திருவிழாக் கடையில் வாங்கியதோ, தெரிந்த தச்சரிடம் சொல்லிச் செய்ததோ, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டுதான் தமிழ்நாட்டில் பல தலைமுறைப் பிள்ளைகள் நடை பழகினார்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று காலுள்ள சிறுதேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பிள்ளை சிறுதேர் உருட்டுவதற்கென்றே தனியாக ஒரு பருவம் வைத்தார்கள். இவ்வளவு பழைய, இவ்வளவு பரவலான இந்தப் பொம்மையைப் பற்றி ஒரு வியப்பான உண்மை உண்டு. அதைத் தள்ளி நடந்த கிட்டத்தட்ட எவருக்கும் தான் நடந்தது நினைவில் இல்லை.

"எனக்கு நன்றாக நினைவிருக்கிறதே" என்று சிலர் மறுப்பார்கள். பச்சை வண்ணம், கிறீச்சிடும் ஒரு சக்கரம், வாசற்படியில் முட்டி விழுந்தது என்று விவரமும் சொல்வார்கள். ஆனால் நடைவண்டி பிடிப்பது ஒரு வயதை ஒட்டி. பெரியவர்களிடம் மிகப் பழைய நினைவு எது என்று கேட்டால், சராசரியாக அது மூன்று அல்லது மூன்றரை வயதில் நடந்ததாக இருக்கிறது. அதற்கு முன் நடந்ததெல்லாம் இருட்டு. இந்த இருட்டுக்குக் குழந்தைப்பருவ மறதி என்று உளவியலில் பெயர். அப்படியானால் அந்தப் பச்சை வண்டி எங்கிருந்து வந்தது? தம்பி தள்ளியதைப் பார்த்ததிலிருந்து வந்திருக்கலாம். ஆல்பத்தில் ஒட்டிய ஒரு படத்திலிருந்தோ, அம்மா பலமுறை சொன்ன கதையிலிருந்தோ வந்திருக்கலாம்.

படம் இப்படி நினைவாக மாறும் என்பதற்கு ஆய்வே உண்டு. 2002ல் வெளியான ஒரு சோதனையில், 20 பேரிடம் அவர்களுடைய சிறுவயதுப் படங்களைக் காட்டிப் பேசச் சொன்னார்கள். அவற்றுள் ஒன்று போலி. வெப்பக்காற்று பலூனில் அந்தந்த நபரே சிறுவயதில் பறப்பதுபோல் வெட்டி ஒட்டித் தயாரித்தது. உண்மையில் அவர்களில் எவரும் சிறுவயதில் பலூனில் ஏறியதில்லை. மூன்று முறை உட்கார வைத்துப் பேசிய பிறகு, பாதிப்பேர் அந்தப் பயணத்தை முழுதாகவோ ஓரளவோ "நினைவுகூர்ந்தார்கள்".

அப்படியானால் கைக்குழந்தைக்கு நினைவாற்றலே கிடையாதா? வெகுகாலம் அறிஞர்கள் பலர் அப்படித்தான் எண்ணினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது தொட்டிலுக்கு மேல் கட்டித் தொங்கவிடும் ஒரு பொம்மை.

அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-காலியர், 1960களில் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை தானாக விளையாடட்டும் என்று, தொட்டிலுக்கு மேலே தொங்கிய பொம்மைக்கும் குழந்தையின் காலுக்கும் நடுவே ஒரு நாடாவைக் கட்டினார். கால் உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிடத்திலேயே குழந்தை இதைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த நாடாவிலிருந்து ஒரு முழு ஆய்வுத்துறையே வளர்ந்தது. இரண்டு மாதக் குழந்தை இந்த வித்தையை ஓரிரு நாள் நினைவில் வைத்திருந்தது. மூன்று மாதக் குழந்தை ஒரு வாரம் வரை. ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரம் வரை. பொம்மையை மாற்றி வேறொன்றைத் தொங்கவிட்டால் குழந்தை வித்தையைக் காட்டவில்லை. எது தன் பொம்மை, எது இல்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.

இதைவிட அழகான முடிவு 1980ல் வந்தது. முற்றிலும் மறந்துபோன மூன்று மாதக் குழந்தைகளுக்கு, சோதனைக்கு முந்தைய நாள் அதே பொம்மை ஆடுவதைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள். நாடா கட்டவில்லை, வெறுமனே காட்டினார்கள். மறுநாள் குழந்தைகள் பழையபடி உதைக்கத் தொடங்கின. அழிந்துவிட்டதாக நினைத்த நினைவு அழியவில்லை. அதை எட்டும் வழிதான் அடைந்திருந்தது.

அந்த வழி ஏன் அடைகிறது? மூளையின் ஆழத்தில், கடற்குதிரை வடிவில், ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. எங்கே, எப்போது, யாருடன் என்று ஒரு நிகழ்வின் துண்டுகளைக் கோத்து வைப்பது அதன் வேலை. பிறந்த முதல் சில ஆண்டுகளில் இங்கே புதுப்புது நரம்பணுக்கள் வேகமாக முளைக்கின்றன. புதியவை வந்து பின்னிக்கொள்ளும்போது பழைய இணைப்புகள் கலைகின்றன என்பது கனடாவின் டொரன்டோவில் ஆய்வு செய்யும் பால் ஃபிராங்க்லாந்து, ஷீனா ஜோசலின் குழுவினர் 2014ல் முன்வைத்த விளக்கம். சுண்டெலிக் குஞ்சுகளில் இந்த முளைப்பைக் குறைத்தபோது அவை நினைவை நெடுநாள் வைத்திருந்தன. கினிப்பன்றி பிறக்கும்போதே ஓரளவு முதிர்ந்த மூளையோடு பிறக்கிறது. அதற்குச் சுண்டெலிபோல் குட்டிப்பருவ மறதி இல்லை. அதே ஆய்வகத்தார் 2018ல் இன்னொன்றும் காட்டினார்கள். குஞ்சுப்பருவத்தில் ஒரு நினைவைப் பதித்த அணுக்களை, சுண்டெலி வளர்ந்த பிறகு ஒளியால் தூண்டியபோது அந்த நினைவு மீண்டும் எழுந்தது. மனித மூளையில் இப்படிச் செய்து பார்க்க முடியாது. ஆனாலும் நடைவண்டியின் தடம் எங்கோ கிடக்கலாம் என்று எண்ண இது இடம் தருகிறது.

மூளை அணுக்கள் ஒருபுறம் இருக்க, மொழியும் இதில் பெரிய பங்காளி. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் கேப்ரியேல் சிம்காக், ஹார்லீன் ஹெய்ன் இருவரும் பிள்ளைகளுக்காக ஒரு மாயப்பெட்டி செய்தார்கள். பெரிய பொம்மையைப் பெட்டிக்குள் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், இசை கேட்கும். பின் அதே பொம்மை சின்னதாகி வெளியே வரும். இரண்டே காலிலிருந்து மூன்றே கால் வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இதை விளையாடினார்கள். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து அவர்களிடம் கேட்டபோது, படத்தைக் காட்டினால் பொம்மையை அடையாளம் கண்டார்கள். பெட்டியை எப்படி இயக்குவது என்று கையால் செய்தும் காட்டினார்கள். வாயால் சொல்லச் சொன்னபோதுதான் சிக்கல். விளையாடிய நாளில் எந்தச் சொற்கள் தெரிந்திருந்தனவோ அவற்றை மட்டுமே பயன்படுத்தினார்கள். இடைப்பட்ட ஓராண்டில் கற்ற புதுச்சொல் ஒன்றுகூட அந்தப் பழைய நினைவை விவரிக்க வரவில்லை. 2002ல் வெளியான இந்த முடிவைப் படிக்கும்போது மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. சொல் கிடைப்பதற்கு முன் நடந்தது, சொல் கிடைத்த பிறகும் ஊமையாகவே இருந்துவிடுகிறது.

1990களின் தொடக்கத்தில் சிறுவர்களாக இருந்த தமிழர்கள் இதன் தூரத்துச் சாயலை அறிவார்கள். ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் மோக்லி வருவான். ஜப்பானில் 1989ல் தயாரான ஜங்கிள் புக் தொடர் அது, மொத்தம் 52 பகுதி. இந்தியில் குரல் கொடுத்து 1993ல் ஒளிபரப்பினார்கள். தொடக்கப் பாட்டைக் குல்சார் எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைத்திருந்தார். இந்தியே தெரியாத லட்சக்கணக்கான பிள்ளைகள் அதைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். இன்று அவர்களிடம் கேட்டால் மெட்டு தப்பாமல் வரும். ஷேர்கான் புலியின் நடை கண்ணில் நிற்கும். கதை என்ன என்று கேட்டால் தயங்குவார்கள். அவர்கள் மாயப்பெட்டிப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள், தமிழ் நன்றாகப் பேசியவர்கள். ஆனாலும் திரையில் ஓடிய கதையைக் கட்டிவைக்கச் சொற்கள் கைவசம் இல்லை. 2007ல் சிறுவர் அலைவரிசையான சுட்டி டிவி வந்தபின், கார்ட்டூன் டோராவையும் புஜ்ஜியையும் தமிழிலேயே கேட்டு வளர்ந்தவர்கள், வசனத்தையே ஒப்பிக்கிறார்கள். டோரா கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பாள். பிள்ளையும் திரையைப் பார்த்து உரக்கப் பதில் சொல்லும். தானே பேசிய சொல் எளிதில் மறக்குமா?

சொல்லுக்கு அகப்படாத நினைவு கையில் தங்குகிறது. முப்பது ஆண்டு பம்பரத்தைத் தொடாத ஒருவரிடம் பம்பரமும் சாட்டையும் கொடுத்துப் பாருங்கள். ஆணிப் பக்கத்திலிருந்து சாட்டையைச் சுற்றி, விரலிடுக்கில் முடிச்சை மாட்டிக்கொண்டு, ஓங்கி வீசிச் சுண்டி இழுப்பார். சுழலும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிக்கும் அப்பீட்டும் ஓரிரு முயற்சியில் வந்துவிடும். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் விளக்கத் தெரியாது. யாரிடம் கற்றார், அந்தப் பம்பரத்தில் பிறர் ஆணி குத்திய ஆக்கர் எத்தனை விழுந்தது என்பதெல்லாம் போயே போய்விட்டது. கையின் பழக்கத்தைக் காப்பது சிறுமூளையும் மூளையின் அடிப்பகுதி முடிச்சுகளும். நிகழ்வுகளைக் காப்பது ஹிப்போகேம்பஸ். இரண்டும் வேறுவேறு கிடங்கு என்பது ஹென்றி மொலாய்சன் என்ற அமெரிக்கரால் உலகுக்குத் தெரிந்தது. வலிப்பு நோய்க்காக 1953ல் நடந்த அறுவையில் அவருக்கு ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி போயிற்று. அதன்பின் புதிய நிகழ்வு எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திர வடிவை வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது, மூன்று நாளில் கை தேறிவிட்டது. ஒவ்வொரு நாளும் அவர் இதை முன்பு செய்ததே இல்லை என்றுதான் நினைத்தார்.

தகரப் படகின் கதை இன்னும் சுவையானது. திருவிழாக் கடையில் தண்ணீர்த் தொட்டிக்குள் டபடபவென்று சுற்றிவரும், எண்ணெய்த் திரியில் ஓடும் சின்னப் படகு. அந்தச் சத்தத்தை மறந்தவர் இல்லை. இப்போது அதைத் தேடிப் பிடித்துத் தம் பிள்ளைக்கு வாங்கித் தரும் அப்பாக்கள், திரியை ஏற்றித் தண்ணீரில் விட்டுவிட்டு, படகு ஏன் நகரவில்லை என்று விழிப்பதுண்டு. பின்பக்கக் குழாயில் முதலில் தண்ணீர் நிரப்ப வேண்டும். அந்தக் காலத்தில் அதைக் கடைக்காரரே செய்து கொடுத்தார். பார்த்த பிள்ளையின் நினைவில் சத்தம் ஏறியது, அந்தச் சின்ன வேலை ஏறவில்லை.

அந்தத் தண்ணீர்தான் படகின் உயிர். திரிக்கு மேலே இருக்கும் தட்டையான தகர அறையில் துளி நீர் ஆவியாகி விரியும்போது, குழாயிலுள்ள நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆவி குளிர்ந்த குழாய்க்குள் இறங்கியதும் மீண்டும் நீராகிச் சுருங்குகிறது. அழுத்தம் குறையவே, வெளித்தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. தள்ளலும் இழுப்பும் மாறி மாறி நடந்தால் படகு நின்ற இடத்திலேயே ஆட வேண்டாமா? ஆடுவதில்லை. வெளியேறும் நீர் ஒரே திசையில் பீறிடுகிறது. உள்ளே வரும் நீரோ குழாய் வாயைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. அதனால் மிச்சப்படும் உந்தல் படகை முன்னே செலுத்துகிறது. ஒவ்வொரு முறையும் அறையின் மேல்தகடு உப்பி அமுங்குவதுதான் அந்த டபடப. பிரான்சைச் சேர்ந்த தாமஸ் பியோ 1891ல் பிரிட்டனில் இதுபோன்ற ஒரு படகுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தகட்டைத் தவிர அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஓர் எஞ்சின், சில ரூபாய்க்குப் பிள்ளைகள் கையில் கிடைத்தது. 

கண்ணும் தன் பங்குக்குக் குழந்தைப்பருவத்தைச் சேமிக்கிறது. 2019ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெஸ்ஸி கோமஸ், காலனிட் கிரில்-ஸ்பெக்டர் குழு 22 பேரின் மூளையை ஸ்கேன் செய்தது. அவர்களில் 11 பேர் ஐந்து முதல் எட்டு வயதுக்குள் கேம்பாய் என்ற கையடக்கக் கருவியில் போகிமான் விளையாடத் தொடங்கியவர்கள். மற்ற 11 பேருக்கு அந்தப் பழக்கமே இல்லை. போகிமான் உருவங்களைக் காட்டியதும், விளையாடியவர்களுக்கெல்லாம் காட்சிப்புறணியில் ஒரே இடத்திலுள்ள மடிப்பு துலங்கியது. அந்த இடமே ஏன்? சின்னஞ்சிறு திரையைக் கையில் பிடித்து நேருக்கு நேர் உற்றுப்பார்த்ததால், உருவங்கள் எப்போதும் பார்வையின் நட்ட நடுவில் விழுந்தன. நடுப்பார்வைக்கு உரிய பகுதி அவற்றைத் தனதாக்கிக்கொண்டது. பொம்மையைப் பிடித்த தூரம்கூட மூளையில் முகவரியாகப் பதிந்திருக்கிறது.

மூக்கைப் பற்றியும் ஒரு சொல். பிற புலன்களின் செய்தி மூளையில் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் செல்கிறது. வாசனை அந்தச் சுற்றில்லாமல் உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளை எட்டுகிறது. சுவீடனில் முதியவர்களிடம் நடத்தி 2006ல் வெளியான ஆய்வில், சொல்லும் படமும் தூண்டிய நினைவுகள் பெரும்பாலும் 11 முதல் 20 வயதுக்குரியவையாக இருந்தன. வாசனை தூண்டியவையோ பத்து வயதுக்கு முந்தியவை. பனையோலைக் கிலுகிலுப்பை, அரக்குப் பூசிய மரச்சொப்பு, தண்ணீரில் நனைந்த களிமண் பொம்மை ஆகியவற்றின் மணம் பல ஆண்டுக்குப் பின் ஒருவரைத் தடுமாற வைப்பது இதனால்தான்.

சத்தம், விரல், கண், மூக்கு என்று சிதறிக் கிடப்பதை ஒன்றாக்கும்போது இடைவெளிகள் விழுகின்றன. மூளை அவற்றை அப்படியே விடுவதில்லை, தன் ஊகத்தால் அடைக்கிறது. போகிமான் உருவங்களில் ஒன்றான பிகாச்சுவின் வால் நுனியில் கறுப்பு உண்டா? உண்டு என்று அடித்துச் சொல்பவர்கள் ஏராளம். கறுப்பு இருப்பது காது நுனியில்தான். வாலின் நுனி மஞ்சள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தீபஸ்ரீ பிரசாத், வில்மா பெயின்பிரிட்ஜ் இருவரும் இதுபோல் 40 உருவங்களையும் சின்னங்களையும் காட்டிச் சோதித்தார்கள். அவற்றில் ஏழில், பெரும்பாலோர் ஒரே தவற்றைச் செய்தார்கள் என்று 2022ல் எழுதினார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே பொய்யை நினைவில் வைத்திருந்தார்கள். காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. சரியாகப் பார்க்காததால் நேர்ந்தது என்று தள்ளவும் முடியவில்லை, ஏனென்றால் கணினிச் சுட்டியின் நகர்வைக் கொண்டு பார்வையைப் பதிவுசெய்தபோது அவர்கள் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்திருந்தார்கள்.

கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னியின் கதை இதைவிடத் துணிச்சலானது. அந்த முயல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் சொத்து. டிஸ்னி பூங்காவுக்குள் அது கால்வைக்கவே முடியாது. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் உடன் ஆய்வாளர்களும், பக்ஸ் பன்னி டிஸ்னி பூங்காவில் வரவேற்பதுபோல் ஒரு போலி விளம்பரத்தைத் தயாரித்துச் சிலரைப் படிக்க வைத்தார்கள். சிறுவயதில் டிஸ்னி போனபோது அந்த முயலோடு கை குலுக்கியதாக 16 விழுக்காட்டினர் சொன்னார்கள். பொய் சொல்ல அவர்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. மனமார நம்பியே சொன்னார்கள்.

நினைவைப் பத்திரமாகப் பூட்டிய பெட்டியாக எண்ணும் வழக்கம் நமக்கு உண்டு. அது தவறு. 2000ல் கரீம் நாடெர், ஜோசஃப் லெடூ குழு எலிகளிடம் நடத்திய சோதனை, ஒரு நினைவு எழுப்பப்படும்போது மெழுகுபோல் இளகி, பிறகு மீண்டும் இறுக வேண்டியிருக்கிறது என்று காட்டியது. இளகிய நேரத்தில் புதியது வந்து ஒட்டிக்கொள்ளலாம். மனிதர்களிடம் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற விவாதம் தொடர்கிறது. ஆனாலும் பழைய பொம்மையின் பெயரைக் கைபேசியில் தட்டி, யாரோ எடுத்த படத்தைப் பார்த்தபின், உங்கள் வீட்டுப் பொம்மையின் நிறம் மெல்ல அந்தப் படத்தின் நிறமாகிவிடும் ஆபத்து உண்மையானது.

நினைவைக் காக்க வழியே இல்லையா? உண்டு, அது பேச்சு. நியூசிலாந்தில் 2000ல் நடந்த ஓர் ஒப்பீட்டில், மவோரி மக்களின் மிகப் பழைய நினைவு சராசரியாக இரண்டே முக்கால் வயதை ஒட்டி இருந்தது. ஐரோப்பிய வழியினருக்கு மூன்றரை வயது. முன்னோர் கதையையும் பிறந்த கதையையும் பிள்ளையிடம் விரிவாகச் சொல்லும் மவோரி வழக்கமே காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதே நாட்டில், பிள்ளையோடு நடந்ததைப் பற்றிக் கேள்வி கேட்டு விரிவாகப் பேசிய தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பதின்பருவத்திலும் அதிகப் பழைய நினைவு இருந்தது. "தேருக்குப் போனோமே, என்ன வாங்கினோம்? அது எப்படிச் சத்தம் போட்டது?" என்று இரவில் கேட்கும் பாட்டிகள் இந்த வேலையைத்தான் செய்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பாதி மறந்த பொம்மை ஒன்று உங்கள் மனதில் கிடந்தால், இணையத்தில் தேடும் முன் ஒரு தாளை எடுத்து நினைவிலுள்ளதை வரையுங்கள். தெரியாத பகுதியை வெற்றிடமாகவே விடுங்கள். தேதியும் போட்டுவையுங்கள். பிறகு, உங்கள் நடைவண்டி என்ன நிறம் என்று தெரிந்தவர் யாராவது வீட்டில் இன்னும் இருந்தால், அந்தத் தாளோடு அவரிடம் போய்க் கேளுங்கள்.